முப்பத்தொன்றாவது மேடு

என் அப்பா சூசைராஜுக்கு மறதிக்காரர்களைக் கண்டாலே ஆகாது. கடையில் குடையை விட்டுவிட்டு வந்தவனைக் குடித்துவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். “தலைங்கிறது விளக்கு. தெனம் தொடைச்சா எரியும், விட்டா கரி புடிச்சிக்கும்” என்பார். முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் லேம்ப்மேனாக இருந்தவர். எதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் திரியும் எண்ணெயும் வந்து சேர்ந்துவிடும்.

லேம்ப்மேன் வேலை என்னவென்று இப்போது பலருக்குத் தெரியாது. சிக்னல் கம்பங்களின் உச்சியில் விளக்குகள் உண்டு. காலையில் ஒவ்வொன்றாக இறக்கி, கண்ணாடியைத் துடைத்து, திரியைக் கத்தரித்து, எண்ணெய் ஊற்றி, சாயங்காலம் திரும்ப ஏற்ற வேண்டும். செகந்திராபாத் யார்டில் அப்பாவின் பங்கு நாற்பத்திரண்டு விளக்குகள். ஒன்றை விட்டாலும் வண்டி நிற்கக் கூடாத இடத்தில் நிற்கும், அல்லது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. அதனால் ஒரே வரிசையில்தான் போவார், எண்ணிக்கொண்டே போவார். “எங்க ஆரம்பிக்கிறோம்னு தெரிஞ்சா போதும் ஐவிம்மா, மிச்சத்தைக் காலு பாத்துக்கும்” என்று என்னிடம் சொல்வார். இந்த வாக்கியத்தை நான் இன்று வரை மன்னிக்கவில்லை.

அம்மா தங்கம் 1918இல் இறந்தாள். பம்பாய்க் காய்ச்சல் என்றார்கள். அக்டோபரில் வந்து மூன்று வாரத்தில் எங்கள் மாதாகோவில் பங்கு மக்களில் மட்டும் முப்பத்தொரு பேரைக் கொண்டுபோனது. அம்மா கடைசி ஆள். காய்ச்சல் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும்போது, போகிற போக்கில் அவளையும் எடுத்துக்கொண்டு போனது. எனக்குப் பத்து வயது.

பெட்டி செய்யப் பலகை கிடைக்கவில்லை. பாயில் சுருட்டித்தான் எல்லோரையும் புதைத்தார்கள். கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சுவரிலிருந்து ஆரம்பித்து ஐந்தடிக்கு ஒருவராக ஒரே வரிசை. கல் இல்லை, சிலுவை இல்லை, மண் மேடு மட்டும். அம்மாவின் செபமாலையை அப்பா என்னிடம் கொடுத்துவிட்டார். வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், வீட்டு ஜன்னலில் அவள் வைத்திருந்த பச்சைக் கண்ணாடியை அவள் கையில் வைத்தார். சிக்னல் விளக்கின் வட்டக் கண்ணாடி அது, ஓரம் உடைந்துபோனதால் கழித்துப் போட்டது. காலை வெயிலில் அதன் பச்சை எங்கள் சோற்றுப் பானைமேல் விழும். அம்மாவுக்கு அதில் கொள்ளை ஆசை.

“பச்சை காட்டினா வழி சரியா இருக்குன்னு அர்த்தம்” என்று அப்பா எனக்குச் சொன்னார்.

1931இல் அப்பா ஓய்வு பெற்றார். மெட்டுகுடாவில் ஒரு சந்து வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை, அது வேறு கதை, அதில் அழுவதற்கு ஒன்றுமில்லை. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பங்குச் சாமியார் கேட்டபோது, அவர் கேட்டு முடிக்கும் முன்பே அப்பா தலையாட்டிவிட்டார். புல் வெட்டுவதிலோ கேட்டைப் பூட்டுவதிலோ அவருக்கு ஒரு ருசியும் இல்லை. அம்மா பக்கத்தில் இருக்கலாம், அவ்வளவுதான். “முப்பத்தொண்ணு அவ. முப்பத்திரெண்டு நான்” என்று சாமியாரிடம் சொல்லி, வரிசையின் கடைசியில் அம்மாவுக்கு அடுத்த இடத்தைத் தனக்கென்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் அவர் கேட்டு வாங்கிய ஒரே இடம் அதுதான்.

கோவிலில் இருந்த மரணப் புத்தகத்தில் பெயரும் தேதியும் உண்டு, எந்த இடம் என்பது கிடையாது. அது அப்பா தலையில் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும், கல்லறைத் திருநாளுக்கு, மெழுகுவர்த்தியும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். காஜிப்பேட்டையிலிருந்தும் வாடியிலிருந்தும் வருவார்கள். வரிசை முன்னால் நின்று விழிப்பார்கள். அப்பா அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், “இவங்கதான்” என்று காட்டுவார். அழுகிறவர்களிடம் எப்போதும் ஒன்றையே சொல்வார்: “அழாதீங்க. எடம் தெரியுதுல்ல, அது போதும். எடம் தெரிஞ்சவங்க தொலைஞ்சு போறதில்ல.”

அதைக் கேட்டு ஆறுதல் அடையாதவர்களை நான் பார்த்ததில்லை.

மறந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு அறுபது வயதில் ஆரம்பித்தது. கூட வேலை பார்த்த ஒருவர் தன் மகனையே “யாருப்பா நீ” என்று கேட்டுவிட்டார். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அப்பா சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் ஞாபகத்துக்கு ஒரு மடமே நடக்க ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டு ஜுலைகா அக்கா சொன்னபடி ஐந்து பாதாம் பருப்பை ஊறவைத்து, தோல் உரித்து, நாற்பது தடவை மெல்லுவார். நாற்பது என்று அக்கா சொல்லவில்லை, அது இவராகச் சேர்த்துக்கொண்டது. கல்லறைத் தோட்டத்துக் கிணற்றடியில் வல்லாரை பயிர் பண்ணி, பச்சையாகவே தின்பார். பகல் தூக்கம் கிடையாது. இரவுச் சாப்பாட்டின்போது அன்றைய நாளைத் தலைகீழாக எனக்கு ஒப்பிப்பார்: இப்போது ரசம், அதற்கு முன் கை கழுவினது, அதற்கு முன் செருப்பைக் கழற்றினது என்று காலையில் கண் விழித்தது வரைக்கும். என் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்காத பிள்ளைகளை அடிப்பேன், வீட்டில் ஒப்பிக்கிறவரை நிறுத்த வழி தெரியாது. புதிதாக எதையாவது கற்றால் புத்தி மழுங்காது என்று அறுபத்திரண்டாவது வயதில் ஜுலைகா அக்காவின் மகளிடம் உருது எழுத்துக்கூடப் படித்தார். வலமிருந்து இடமாக எழுதும்போது அவர் நாக்கும் அந்தப் பக்கமே துருத்திக்கொண்டு போகும்.

எல்லாவற்றுக்கும் மேல், காலைச் சுற்று. விடிந்ததும் நடந்து போய், வடக்குச் சுவரில் கையை வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு மேட்டின் முன்னாலும் நின்று பெயரை வாய்விட்டுச் சொல்வார். முப்பதாவது ஜேம்ஸின் அம்மா செபஸ்தியம்மாள். முப்பத்தொன்று தங்கம். அங்கே மட்டும் உட்காருவார். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருக்குப் பழக்கமே அங்கேதான்.

ஜேம்ஸ் லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அம்மாவின் மேட்டைப் பார்க்க மாதம் ஒருமுறை வருவான். “வல்லாரை தின்னவங்ககிட்ட மல்லாடக் கூடாது மாமா, எங்க சின்ன வயசுக் கடனையெல்லாம் ஞாபகம் வெச்சிருப்பீங்க” என்று கேலி பண்ணுவான். அப்பாவுக்கு அது பெருமை.

எழுதி வைக்கலாம் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். ஒரு நோட்டு, ஒரு படம், முப்பத்தொரு பெயர். அரை மணி நேர வேலை.

“எழுதி வெச்சா மனசு சோம்பேறி ஆயிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆவாது.”

“உங்களுக்கு அப்புறம்?”

“எனக்கு அப்புறமும் காலு நிக்கிற வரைக்கும் நான் இருப்பேன்” என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. நானும் வீம்புக்காரி. எப்படியோ போங்கள் என்று விட்டுவிட்டேன்.

1936 மழையில் கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சுவர் விழுந்தது. அதே வாரம் அப்பாவுக்கு டைபாய்டு. ஐந்து வாரம் ரயில்வே ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குள் புதுச் சுவர் கட்டினார்கள். கல் ஏற்றிய வண்டிகள் வரிசையின் மேலேயே ஏறி இறங்கி, மேடுகளெல்லாம் தரையோடு தரையாகிவிட்டன. எது யார் என்று சாமியாருக்கும் தெரியவில்லை.

அப்பா கைத்தடியோடு வந்து பார்த்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். சுவரில் கையை வைத்தார், அடி அளந்தார், பெயரைச் சொன்னார், கூடையில் மண் அள்ளிக் கொட்டினார். குழி வெட்டும் லட்சுமணன் உதவிக்கு வந்தான். இரண்டு நாளில் முப்பத்தொரு மேடுகளும் திரும்ப எழுந்தன. ஒரு பெயருக்குக்கூட அவர் தடுமாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்திலேயே அதைச் சொன்னார். அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார், காது மட்டும் சிவந்திருந்தது. அவர் வாழ்நாளில் அவரைப் பற்றி யாரும் மேடையேறிப் பேசியது அன்று ஒருநாள்தான்.

சரி, இனி ஏழு வருஷம் தாண்டுகிறேன். அந்த ஏழு வருஷமும் பாதாம், வல்லாரை, உருது, சுற்று. 1941வாக்கில் சின்னச் சின்னக் கசிவுகள் ஆரம்பித்தன. சீயக்காய் என்ற சொல் வராமல் தலையைத் தடவிக் காட்டினார். கேட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போனார். இரவு ஒப்பிக்கையில் மத்தியானம் காணாமல் போய்விடும், ரசத்திலிருந்து நேராகக் காலைக்குத் தாவுவார். நான் கவனிக்காதது போல் இருப்பேன். ஆனால் சுற்று மட்டும் கல்லில் வெட்டினது போல இருந்தது. “மத்ததெல்லாம் போவட்டும். இது போவாது. தெனம் தொடைக்கிறேன்ல” என்பார். அந்த வருஷம்தான் பயந்துபோய், அவரோடு நடந்து, அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை.

1943 ஆகஸ்டில் ஜேம்ஸின் எட்டு மாதப் பெண் குழந்தை காய்ச்சலில் இறந்தது. ஜேம்ஸ் வந்து அப்பாவின் முன்னால் நின்றான். “எங்கம்மாகிட்ட போடணும் மாமா. தனியா எங்கேயும் நக்கோ” என்றான். நன்றாகத் தமிழ் பேசுகிறவன், துக்கத்தில் ‘வேண்டாம்’ என்பதற்கு ஊர்ப் பேச்சு வந்துவிட்டது.

செபஸ்தியம்மாளுக்கு ஒரு பக்கம் இன்னொரு மேடு, மறு பக்கம் அம்மா. அம்மாவுக்கு அடுத்துத்தான் காலி இடம், அப்பாவின் இடம். அப்பா யோசித்தார். அந்த இடத்துக்காகத்தான் அவர் அத்தனை பாதாமும் மென்றார் என்று எனக்குத் தெரியும்.

“பிள்ளைக்கு அரை எடம் போதும். மீதி எனக்குக் காணும். நடுவுல தங்கம் இருக்கா, ரெண்டு பக்கமும் பாத்துக்குவா” என்றார்.

அன்று எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, நானும் போயிருந்தேன். லட்சுமணன் வெட்ட ஆரம்பித்தான். இரண்டு முழம் இறங்கியதும் மண்வெட்டி நின்றது. குனிந்து கையால் கிளறினான். பிறகு மெதுவாக, பயந்தவன்போல, எதையோ கோவணத்துணியில் துடைத்து மேலே நீட்டினான்.

“தாத்தா, கீழே யாரோ இருக்காங்க. பாய் நாரு இருக்கு. கையில இது இருந்துச்சு.”

பச்சைக் கண்ணாடி. ஓரம் உடைந்தது.

அப்பா அதை வாங்கினார். கட்டைவிரலால் மண்ணைத் தள்ளினார். முப்பத்திரண்டு வருஷம் விளக்குக் கண்ணாடியைப் பார்த்த அதே மாதிரி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பச்சை அவர் முகத்தில் விழுந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “மூடிடு லட்சுமணா. மேக்கால வெட்டு” என்றார். குழந்தையோடு பிறகு வந்த ஜேம்ஸிடம், கீழே பாறை இருக்கிறது என்று சொன்னார். என் அப்பா சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது. குழந்தையை மேற்கு ஓரத்தில் அடக்கம் பண்ணினோம்.

எல்லோரும் போனபின் அப்பா வடக்குச் சுவரிடம் போனார். அதை மேலும் கீழும் பார்த்தார், ஏதோ நேற்று முளைத்ததுபோல.

“இந்தச் சுவரு நான் ஆஸ்பத்திரியில இருக்கறப்ப கட்டினதா?”

“ஆமாப்பா.”

“பழைய எடத்துலயா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. “இல்லப்பா. அஞ்சடி வெளியே தள்ளிக் கட்டினாங்க. பழைய அஸ்திவாரம் ஊறிப் போச்சுன்னு.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

தினமும் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனேன். கொத்தனார்கள் கயிறு பிடித்ததைக்கூடப் பார்த்தேன். அப்பாவின் கணக்கு அந்தச் சுவரிலிருந்துதான் ஆரம்பிக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு தடவை நினைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. வெறும் தரையை அவர் முதல் மேடாக எழுப்பியிருக்கிறார். அதிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு இடம் தள்ளிப் போய்விட்டார்கள். கடைசியில் இருந்த அம்மா வரிசைக்கே வெளியே போய்விட்டாள். ஏழு வருஷம் அவர் தினமும் உட்கார்ந்து பேசியது செபஸ்தியம்மாளிடம். ஜேம்ஸ் மெழுகுவர்த்தி ஏற்றியது யாரோ ஒரு கேட் கீப்பருக்கு. முப்பத்தொரு குடும்பமும் அடுத்த வீட்டுக்காரர்களுக்கு அழுதிருக்கிறது.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “ஏழு வருஷம். தெனம் தொடைச்சேன் ஐவிம்மா. தப்பைத் தொடைச்சேன்” என்று மட்டும் சொன்னார்.

மறதியாக இருந்திருந்தால்கூடத் தேவலை என்று அன்று எனக்குத் தோன்றியது. மறந்தவன் தேடுவான், நாலு பேரைக் கேட்பான். இவர் தேடவே இல்லை. இவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

நவம்பருக்குள் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும், சாமியாரிடம் நானே சொல்கிறேன், நீ ஞாபகப்படுத்து என்றார் அன்றிரவு. சரி என்றேன். பச்சைக் கண்ணாடியை ஜன்னலில் வைத்தார்.

மறுநாள் காலை கூடவே போனேன். சுவரில் கை வைத்தார். முதல் மேட்டில் முதல் பெயரைச் சொன்னார். வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். முப்பத்தொன்றில் நின்று, “தங்கம்” என்று சொல்லி உட்கார்ந்தார். பையிலிருந்து பூவை எடுத்தார்.

“அப்பா, அம்மா அங்கே இல்லப்பா.”

“என்ன உளர்றே?”

சொன்னேன். சுவர், ஆஸ்பத்திரி, ஐந்தடி. நம்பவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியைக் காட்டினேன். அவர் முகம் உடைந்ததை நேற்று ஒருமுறை பார்த்திருந்தேன். இன்று அப்படியே, முதல் தடவைபோலவே, மறுபடியும் உடைந்தது.

அடுத்த நாளும் அதுவே. அதற்கடுத்த நாளும். புதுக் கணக்கை மனப்பாடம் பண்ண ராப்பகலாகப் பாடுபட்டார். பாதாம் ஐந்து பத்தானது, பிறகு பதினைந்து. கிணற்றடி வல்லாரை மொட்டையானது. சாயங்காலம் வரை “முதல் மேடு வெறும் மேடு, முதல் மேடு வெறும் மேடு” என்று சிலேட்டு வாங்கின பிள்ளைபோலச் சொல்லிக்கொண்டிருப்பார். தூங்கி எழுந்தால் அது போயிருக்கும். பழையது மட்டும் கிணற்றுப்படிபோல அப்படியே இருக்கும். ஏழு வருஷக் காலைக்கு முன்னால் என் ஒரு சாயங்காலம் என்ன செய்யும்? உண்மை அவருக்குள் இறங்க இடமே இல்லை, அந்த இடத்தில் பொய் சாமான் போட்டு உட்கார்ந்துவிட்டது. அதைக் கொண்டுபோய் வைத்ததும் அவர் கைதான்.

பதினோரு காலைகள் நான் அவருக்கு அம்மாவைத் தொலைத்துக் காட்டினேன். பதினோராம் நாள் அவர் அழுத சத்தம் கேட்டு ஜுலைகா அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். அவள் புருஷன் வழியில் தக்கணி உருது பேசினாலும், என்னோடு சண்டை போடும்போது பாதிக்குப் பாதி தமிழ்தான் வரும்.

“கைக்கு, எதுக்கு அவர தெனம் தெனம் கொல்றே? உண்மை அவ்ளோ ருசியா இருக்கா உனக்கு?”

“தெரிய வேண்டாமாக்கா?”

“தெரிஞ்சுச்சே. ஒரு தடவை தெரிஞ்சுச்சு. மய்யத்த ஒரு தடவைதான் அடக்குவாங்க.”

பச்சைக் கண்ணாடியை எடுத்து என் பெட்டிக்குள் புடவைக்கு அடியில் வைத்தேன். பன்னிரண்டாம் நாள் அவர் போனார், எண்ணினார், முப்பத்தொன்றில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அவர் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து ஐந்து பாதாம் தின்றார்.

நவம்பர் இரண்டாம் தேதியும் வந்தது. ஞாபகப்படுத்தச் சொன்னாரே, செய்தேனா? செய்யவில்லை. சாமியாரிடம் நானாவது போயிருக்கலாம். கோவில் படிவரை போனேன், திரும்பிவிட்டேன். சொன்னால் அப்பாவைப் பொய்யராக்க வேண்டும், அவர் எதிரிலேயே, முப்பது குடும்பத்துக்கு முன்னால். அடுத்த நாள் அவருக்கு அதுவும் மறந்திருக்கும், ஆனால் அவர்களுக்கு மறக்காது. ஆட்கள் வந்தார்கள். அப்பா ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போய், “இவங்கதான்” என்று காட்டினார். ஜேம்ஸ் கேட் கீப்பருக்கு முழந்தாளிட்டான். நான் நோட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றேன். அதில் எல்லாப் பெயரையும் ஓரிடம் தள்ளிப் பென்சிலில் திருத்தியிருந்தேன். நோட்டில் மட்டும் எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். இதைவிடக் கோழையாக ஒருத்தி இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அப்பா வேகமாகக் குறைந்துபோனார். நாற்பத்துநான்கில் உருது எழுத்து போனது, அதைக் கற்றதும் போனது. நாற்பத்தைந்தில் என் பெயர் போனது. டீச்சரம்மா என்று கூப்பிட்டார், வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் யாரோ என்று நினைத்திருப்பார். சுற்றில் பெயர்கள் நடுநடுவே உதிர்ந்தன, பல் விழுவதுபோல. கடைசியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் காலின் ஞாபகம் நின்றது. அவர் சொன்னது சரிதான். சுவரில் கை வைப்பார், ஒவ்வொரு மேட்டின் முன்னாலும் நிற்பார், ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்கு நகர்வார். முப்பத்தொரு தடவை.

1946இல் தவக்காலத்தில் ஒரு காலை. நல்ல வெயில் ஏறியிருந்தது. கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன். கடைசி மேட்டுக்கு வந்ததும் வழக்கம்போல உட்கார்ந்தார். பூவைக் கையில் கொடுத்தேன். வைத்தார். மண்ணைப் பார்த்தபடி கேட்டார்.

“டீச்சரம்மா, இங்க யாரு இருக்காங்க?”

ஐந்தடி தள்ளி, மேடு இல்லாத வெறும் புல்லில், நிஜமாகவே அம்மா இருந்தாள். இன்றைக்காவது சொல்லலாம் என்று தோன்றியது. சொன்னாலும் இனி அவருக்கு வலிக்காது. வலிக்க வேண்டுமானால் தங்கம் யார் என்று தெரிந்திருக்க வேண்டுமே.

“எங்கம்மா” என்றேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு, வருஷம் வருஷமாக வந்தவர்களுக்கெல்லாம் செய்ததுபோல, என் தலைமேல் கையை வைத்தார்.

“அழாதீங்கம்மா” என்றார். “எடம் தெரியுதுல்ல, அது போதும்.”